ஈரச் சாக்கும் கரி அடுப்பும்

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கரி அடுப்பு அந்த மார்கழியில் காளானுக்குப் போனது. நானும் கணவரும் சமையலறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பக்கத்து அறையில், கயிற்றில் தொங்கிய பைகள் கதகதப்பாக இருந்தன.

தேயிலை விலை விழுந்து எழாமல் கிடந்த ஆண்டுகள் அவை. மஞ்சூர் சாலையை ஒட்டிய ஒரு பள்ளத்தில் இருந்த சிறு ஃபேக்டரியில் என் கணவர் டீ மேக்கர், தூளின் பக்குவத்துக்குப் பொறுப்பானவர். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிற ஃபேக்டரி அது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் தோட்டங்களை அப்படியே விட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. இலை குறையக் குறைய ஃபேக்டரி வாரத்தில் சில நாள் மட்டும் ஓடியது. பிறகு நின்றது. முதலாளி கோயமுத்தூருக்குப் போனார். போகிற அன்று சாவியை என் கணவரிடம் கொடுத்து, "நீங்க இங்க இருக்கற வரைக்கும் ஊடு உங்களுதுங்க. ஆளில்லாம மட்டும் போட்டுறாதீங்க" என்றார். சம்பளத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு நான் கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். மலைக்கு வந்த பிறகும் அந்தப் பத்திரிகைக்கே குன்னூர் தேயிலை ஏலச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏல நாளில் பஸ் ஏறிப் போய், விலைகளைக் குறித்து, ஃபேக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். 'சரிவு' என்ற சொல்லைத் தலைப்பில் தொடர்ந்து போட்டதால் வேறு சொல் போடும்படி அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். 'மந்தம்' என்று போட்டேன்.

ஃபேக்டரி ஆட்களின் குடியிருப்பான எங்கள் லைனில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. எல்லோரும் போனது திருப்பூருக்கு. என் நாத்தனாரின் கணவர் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சாலையோர மளிகைக் கடைக்குப் போன் செய்து இவரைக் கூப்பிடச் சொல்வார். ரிசீவரிலிருந்து அவர் குரல் கடை முழுக்கக் கேட்கும்.

"மாப்ள, மலை மேல இன்னும் என்னத்தக் கட்டிக்கிட்டு அழுகற? தேயிலை போச்சுன்னு பேப்பர்லயே உன்ற ஊட்டுக்காரிதான எழுதறா? அவ எழுதறத நீ படிக்கறதில்லியா?"

"படிக்கறனுங்க மச்சான்."

"அப்பறமென்ன? பொங்கலுக்குக் கம்பெனி லீவு உடறாங்க. லீவு முடிஞ்சு தொறக்கறப்ப புது ஆளு எடுப்பாங்க. ஹெல்ப்பர் வேலை ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறன். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லீரு. பொங்கல் தாண்டுனா என்னால முடியாது பாத்துக்க."

ஹெல்ப்பர் என்பதைக் கேட்டபோது என் கணவரின் முகம் மாறவில்லை. ரிசீவரை வைத்த பிறகு கடைக்காரரிடம் தீப்பெட்டி ஒன்று வாங்கினார். வீட்டில் தீப்பெட்டி இருந்தது. ஃபேக்டரியில் அவர் கையைத் தூக்கினால் இலை நசுக்கும் ரோலர்கள் நிற்கும். நாற்பதைத் தாண்டிய வயதில் திருப்பூரில் துணி மூட்டை தூக்க வேண்டும். அவர் போனால் இந்த வீடும் போகும். திரும்பி வர ஓர் இடம் இருக்காது. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. காளானைப் பற்றிப் பேசினோம்.

ஊட்டியில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்து அவர் சிப்பிக் காளான் போடத் தொடங்கியிருந்தார். மலையில் நெல் கிடையாது. வைக்கோலை மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவர வேண்டும். கேரட் ஏற்றிப் போகும் லாரிகள் காலியாகத் திரும்பும்போது மேலே போட்டுக்கொண்டு வந்தார்கள். அதை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஆற விட்டார். ஆறியதும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கினார். தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உள்ளங்கை மட்டும் நனைந்திருக்க வேண்டும். வாட்டிய தேயிலையையும் அவர் இப்படித்தான் கையில் பிடித்துப் பார்ப்பார். பல ஆண்டுகளாக அந்தக் கைக்கு அந்த ஒரு வேலைதான். வைக்கோலும் காளான் வித்துமாக மாற்றி மாற்றி அடைத்த பைகளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, முகாமில் காட்டிய பைகளைவிட அவை ஒழுங்காக இருந்தன என்றார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஃபேக்டரியிலிருந்து முதலாளியிடம் கேட்டு ஒரே ஒரு பொருளை அவர் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். ஒரு மரப்பலகை, அதில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்றின் அடிக்குமிழில் துணித்திரி சுற்றியிருக்கும். திரியின் நுனி ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பியில் தோய்ந்திருக்கும். காற்று உலர்ந்தால் திரியின் ஈரம் பறந்து அந்தத் தெர்மாமீட்டரில் அளவு கீழே இறங்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். தூளாக நசுக்கிய இலையைப் பரப்பிச் சிவக்க விடுகிற அறையில் இந்தப் பலகை மாட்டியிருந்தது. அந்த அறையில் தரை எப்போதும் நனைந்திருக்கும், சாளரத்தில் ஈரச் சாக்கு தொங்கும். வறண்ட காற்று ஒரு கீற்று பட்டாலும் தூள் கறுத்துப்போகும். கதவைத் திறந்து வைத்தவனை அவர் கெட்ட வார்த்தையில் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். வேறு எதற்கும் அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.

காளான் அறையை அவர் அந்த அறையைப் போலவே கட்டினார். தரையில் மணல் பரப்பித் தண்ணீர் தெளித்தார். ஒரே சாளரத்தை மூடி, மேலே ஈரச் சாக்கை இரண்டு மடிப்பாக அறைந்தார். கதவிடுக்கில் துணி அடைத்தார்.

பனி இறங்கியது. எங்கள் பள்ளத்தில் குளிர் தண்ணீரைப் போல வந்து தேங்கும். காலையில் புல் வெள்ளையாக விறைத்திருக்கும். தேயிலைச் செடிகளின் மேல்பரப்பு தீ பட்டதுபோல் கருகியிருக்கும். பைகளுக்குள் வித்து பரவாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் கரி அடுப்பு அந்த அறைக்குப் போனது. சீகை மரக் கரியை வெளியே மூட்டி, புகை அடங்கிக் கனிந்ததும் உள்ளே வைப்பார். சூடு ஏறினால் காற்று உலருமே என்று அடுப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். நீராவி பரவியது. பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. பைகள் வெளுக்கத் தொடங்கின. சில நாட்களில் வைக்கோல் தெரியாத அளவுக்கு வெண்மை மூடியது. பையில் கிழித்துவிட்ட துளைகளில் குண்டூசித் தலைகள் போல மொட்டுகள் வந்தன.

வந்த மொட்டுகள் விரியவில்லை. காம்பு மட்டும் நீண்டது. விரல் நீளத்துக்கு வெளிறிய காம்பு, நுனியில் பொத்தான் அளவுக்குத் தலை. கொத்துக் கொத்தாக, எல்லாப் பைகளிலும் அப்படியே.

எங்கள் லைனில் பூட்டாமல் இருந்த இன்னொரு வீட்டில் ஓர் அக்கா இருந்தார். சிறு வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு அனுப்பப்பட்டு வந்தவர், இப்போது தனியாள். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, காளான் கழுத்த நீட்டி யாரத் தேடுது? மொதலாளியவா?" என்றார்.

அந்த அக்கா என்னைப் பார்த்து, "லயத்துல நமக்குக் கணப்பு இல்ல. அதுகளுக்குக் கணப்பு, வெந்நி, கதவ வேற சாத்தியாச்சு. மாப்பிள்ள வீட்டுக் கவனிப்புதான் போ, புள்ள" என்றார். நான் சிரித்தேன். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருந்ததில் நல்லதாகப் பார்த்து அறுத்து ஒரு கூடையில் அடுக்கினார். என் ஏல நாளில் இருவருமாகக் குன்னூருக்குப் போனோம். அங்கே ஒரு ஹோட்டலில் காளான் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தார். பின்வாசலில் சமையல் மாஸ்டர் வெளியே வந்து மேலே போட்டிருந்த வாழையிலையை விலக்கினார். ஒரு கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க, இது காளானுங்களா, தீக்குச்சிங்களா?"

பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. "பாருங்க, காம்பு வேகாது. ரப்பராட்டம் இருக்கும். எனக்குத் தலை விரிஞ்சு வேணும், உள்ளங்கை அகலத்துக்கு. பொங்கலுக்கு டூரிஸ்டுங்க வருவாங்க. அதுக்கு முன்ன நல்லதாக் கொண்டாங்க, தெனமும் ஒரு கூடை எடுத்துக்கறன். இல்லீன்னா கோயமுத்தூர்ல சொல்லிருவனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார்.

ஆக, திருப்பூருக்கும் பொங்கல்தான் கெடு, குன்னூருக்கும் பொங்கல்தான் கெடு.

அன்றிலிருந்து அவர் அந்த அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. சூடும் ஈரமும் போதவில்லை, எங்கேயோ காற்று கசிகிறது என்பது அவர் முடிவு. சாளரத்தில் சாக்கை இன்னும் ஒரு மடிப்பு போட்டார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துகளில் களிமண் பூசினார். மணிக்கொரு தரம் பலகையைப் பார்ப்பார். பலகையில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் அவரை வதைத்தது. "எல்லாம் கரெக்டா இருக்குது. எல்லாம் கரெக்டா இருக்குது. அப்பறம் ஏன்?" என்று என்னிடம் கேட்பார். இப்போது நினைத்துப் பார்த்தால், முகாமில் காற்றோட்டம் வேண்டும் என்று கட்டாயம் சொல்லியிருப்பார்கள். டீ மேக்கரின் காதில் விழுந்தது ஈரமும் சூடும்தான். காற்று என்பது அவர் தொழிலில் அடைக்க வேண்டிய ஒன்று.

சாப்பாட்டைக் கதவருகே வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். மாலைகளில் தலை வலிக்கிறது என்பார். பனி என்று நான் நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அடுத்த ஏல நாள் விடிந்ததிலிருந்து மூடுபனி. சூரியன் வரவே இல்லை. நான் செய்தியை அனுப்பிவிட்டுப் பிற்பகல் பஸ்ஸில் திரும்பினேன். வீட்டுக்குள் சத்தமில்லை. காளான் அறைக் கதவைத் தட்டினேன். "ம்" என்றார். தள்ளினேன். இடுக்கில் அடைத்திருந்த துணி தடுத்து, பிறகு விட்டது. உள்ளே நீராவிக்கு நடுவில் அடுப்பு செக்கச் செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கரி. அவர் சுவரில் சாய்ந்து மணலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, எந்திரிங்க."

"இலை வந்திருச்சா?" என்றார்.

"என்ன இலைங்க?"

"லாரி… இலை லாரி." நாக்கு தடித்ததுபோல் பேசினார். எழ முயன்றார், கால் மடங்கியது.

நீலகிரியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு செய்தி வரும். கணப்பு மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்று. நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரே வாக்கியம் இருக்கும்: அறையின் சன்னல்கள் மூடப்பட்டிருந்தன. அந்த வாக்கியம் எழுத்தாகவே என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

சாக்கைப் பிடித்து இழுத்தேன். ஆணிகளோடு வந்தது. சாளரக் கதவு ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. விறகுக் கட்டையால் அடித்தேன், கதவு கீலோடு வெளியே விழுந்தது. சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். இருவருமாக அவரை அக்குளில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்து வந்தோம். தேயிலைச் செடியோரம் குனிந்து வாந்தி எடுத்தார். மூடுபனி சில்லென்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கண் தெளிந்து என்னைப் பார்த்தார். முதலில் கேட்டது இதைத்தான்:

"சன்னலத் தொறந்துட்டியா?"

"ஆமாங்க."

"போச்சு. பூராப் போச்சு."

"ஆளு போயிருப்பீங்க தம்பி, காளானச் சொல்றீங்க" என்றார் அக்கா. வெறுந்தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவர் அழுதார். நான் திரும்பி அடுப்பைப் பார்த்தேன். அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினேன்.

அதன் பிறகு அவர் படுத்தே கிடந்தார். தலைவலி விடவில்லை. சன்னலை மூடச் சொல்லிக் கேட்டார், நான் மறுத்தேன். மூடவும் கதவு இல்லை. "சரி, மச்சானுக்குச் சொல்லீரு, வர்றன்னு" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் சரி என்றேன். கடை வரை நடந்தேன். போனைக் கையில் எடுக்காமல் திரும்பினேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னாலும் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காளான் அறைக்குப் போகிற வேலை என்னுடையதாயிற்று. நம்பிக்கையால் அல்ல, அந்த அறையைக் கடந்துதான் விறகு எடுக்கப் போக வேண்டும். மூடுபனி விலகி வெயில் அடித்ததும் பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்களும் பிரிந்து நின்றன. நீண்ட காம்புகளின் நுனி மஞ்சளாகிச் சுருங்கியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், பிடுங்கிய சாக்கையே நனைத்துச் சன்னலின் மேல் ஆணி அடித்து மாட்டினேன். அது கதவில்லாத வெறும் திறப்பை முழுக்க மறைக்கவில்லை; அடியில் ஒரு சாண் அளவுக்குத் திறந்தே இருந்தது. காற்று அடிக்கும்போது சாக்கு உள்பக்கமாக உப்பும். ஈரத்தின் வழியாக வடிகட்டிய குளிர்காற்று முகத்தில் படும். சாக்கு காயக் காய நனைத்தேன். தெர்மாமீட்டர்கள் மறுபடியும் நெருங்கின.

பழைய காம்புகள் வாடின. அவற்றின் அடியில் புது மொட்டுகள் வந்தன. சன்னலருகே தொங்கிய பைகளில் முதலில். அவை நீளவில்லை. நான் ஒரு காலையில் பார்த்தபோது நகம் அளவு. மறுநாள் அதே காம்பு குட்டையாக, தலை மட்டும் அகன்றிருந்தது. உள்சுவர் ஓரத்துப் பைகளில் இன்னும் நீண்ட காம்புகள்தான். நடுவில் தொங்கியவற்றில் இரண்டும் கலந்து. சன்னலிலிருந்து தூரம் கூடக் கூடத் தலை சிறுத்தது. மூன்றாவது முறையும் சரிபார்த்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டேன்.

போர்வையோடு வந்து நின்றார். பலகையைப் பார்த்தார், பிறகு பைகளை. முதல் பையிலிருந்து கடைசிப் பை வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"காத்து" என்றார்.

"ஆமாங்க."

"இத்தன நாளா இதுக மூச்ச நாந்தான் அடைச்சேன்."

"உங்க மூச்சையும்தான்."

பிறகு போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டு, தான் பூசிய களிமண்ணை ஒரு கம்பியால் குத்திக் குத்தி உதிர்த்தார்.

பொங்கலுக்கு முன்பு அறுக்கத் தகுந்ததாக இருந்தது சன்னலோரப் பைகளில் மட்டும். பாதிக் கூடை. தலைகள் சாம்பல் வெள்ளையாக, சிப்பி போல ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்திருந்தன. சிலவற்றின் ஓரம் குளிரில் வெடித்திருந்தது. அவற்றை அவர் அடியில் வைக்கவில்லை, மேலேயே வைத்தார்.

மாஸ்டர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "இதானுங்க நாங்கேட்டது. ஓரம் வெடிச்சது பரவால்லீங்க, நறுக்கிக்கலாம். தெனமும் வருமுங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். மற்ற பைகள் எல்லாம் காம்புகள். அடுத்த மொட்டு எப்படி வருமென்று யாருக்குத் தெரியும்? கரி அடுப்பு இல்லாமல் பனியை அவை தாங்குமா என்பதும் தெரியாது.

"வருமுங்க" என்றார்.

பஸ் நிலையத்தில் டெலிபோன் பூத்துக்குள் அவர் போனார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அதிகம் பேசவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, மஞ்சூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். பாதி வழியில் சொன்னார்:

"வரலீன்னுட்டன்."

"என்ன சொன்னாருங்க?"

"இனி என்னக் கேக்காதீன்னுட்டு வெச்சுட்டாரு."

பஸ்ஸில் ஏறி அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலிக் கூடையை மடியில் வைத்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம் வரவில்லை. தப்பித்துப் போக இருந்த ஒரே வழியை எங்கள் கையாலேயே மூடிவிட்டு ஏறியிருந்தோம். எங்களுக்கு எதிரே இருந்தது ஓர் அறை, அதில் கொஞ்சம் பைகள், ஓர் ஈரச் சாக்கு.

வீட்டுக்கு வந்தபோது வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. அவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "நாளைக்குப் பனி விழுகும்" என்றார். கரி அடுப்பைத் தூக்கினார். என்னையும் அறியாமல் நான் ஓர் அடி முன்னால் வந்தேன். அவர் அதைக் காளான் அறைக்குக் கொண்டு போகவில்லை; சமையலறைக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் வைத்தார்.

"குளுருக்கு நின்னுக்குமா அதுக?" என்றார்.

"தெரியலீங்க."

சாக்கை நனைத்துச் சன்னலில் மாட்டினார். அடியில் இருந்த ஒரு சாண் திறப்பைக் கையால் அளந்தார். பழக்கத்தில் சாக்கைக் கீழே இழுத்தார். இழுத்த கை நின்றது. பிறகு ஆணியைக் கழற்றி, இன்னும் இரண்டு விரல் மேலே ஏற்றி அடித்தார்.